பிச்சிக்கு வாசல் திற!

இந்த வருஷமும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை டி.வி-யில் பார்த்துவிட்டு, சி.சு.செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ நாவலை எடுத்தேன். 1959-ல் வந்தது. ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

அப்பனைக் குத்திக் கொன்ற காரியை அணைய வருகிறான் பிச்சி. ஜமீன்தார் நினைத்திருந்தால் காளையைத் தொழுவத்திலேயே கட்டிப்போட்டுப் பெயரைக் காப்பாற்றியிருக்கலாம். அவிழ்த்துவிடுகிறார். தோற்ற காளையை அவரே சுடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால், வாடியைத் திறந்தாரே, அது பெரிய விஷயம்!

குத்துச்சண்டையில் அந்த வாசல் லேசில் திறக்காது. மேவெதர் - பாக்கியோ மோதலுக்கு 2009-ல் பேச்சு தொடங்கியது. ரத்தப் பரிசோதனை, பங்குத்தொகை என்று இழுபறி. மோதியது 2015-ல், பாக்கியோவுக்கு வயசு 36! பிறகு 2017-ல், தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுவரை ஒருமுறைகூட இறங்காத மெக்ரெகரை வீழ்த்தி, தன் 50-வது வெற்றியை எழுதிக்கொண்டார் மேவெதர். பணம் கொட்டியது.

நான் பி.காம். லாபத்தைத் திட்ட மாட்டேன். அடி வாங்குகிற உடம்பு, சம்பாதிக்கட்டும். கல்லா நிரம்ப யாரோடு வேண்டுமானாலும் மோதலாம். ஆனால், ‘சாம்பியன்’ என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டால், வெளியே காத்து நிற்கிற பிச்சிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.