நிதானத்துக்கு ஒரு வண்டி

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் தடம் இருக்கிறது. ஜார்ஜ்டவுன் ஊருக்கு மேலே தொடங்கி டாஹோ ஏரியை நோக்கிச் செல்லும் தடம், சுமார் 35 கிலோமீட்டர். அதன் கடினமான பகுதிகளில் மண்ணையே பார்க்க முடியாது. கருங்கல் பாளங்களும், இடுப்புயரக் குண்டுக்கற்களும், இரண்டுக்கும் நடுவே இடுக்குகளும்தான். 1953-இல் மார்க் ஸ்மித் என்பவர் முன்நின்று ஜீப்புகளைத் திரட்டி இதைக் கடந்தார். ‘ஜீப்பர்ஸ் ஜம்போரி’ என்ற பெயரில் அந்தப் பயணம் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. காலில் வலுவுள்ளவர் ஒரு நாளில் நடந்துவிடக்கூடிய இந்தத் தூரத்துக்கு வண்டிகள் பெரும்பாலும் இரண்டு நாள் எடுத்துக்கொள்கின்றன.

அந்த இரண்டு நாளில்தான் ‘ராக் கிராலர்’ என்ற பாறையில் ஊரும் வண்டியின் அழகு முழுவதும் இருக்கிறது. பாறையில் ஊர்வதற்கென்றே ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைப் பிரித்துத் திரும்பக் கட்டுகிறவர்கள், மனிதன் நடப்பதைவிட மெதுவாக அதை நகர்த்தும் வித்தையைத் தேடுகிறார்கள். அமெரிக்க மேற்கில் இதற்கு எத்தனையோ வண்டிகள் உண்டு. எனக்குப் பிடித்தது 1979-இலிருந்து 1985 வரை அங்கே விற்ற டொயோட்டா பிக்கப். மற்ற நாடுகளில் ஹைலக்ஸ் என்று பெயர் பெற்றது.

எஞ்சினைப் பார்த்தால் மலைப்பு வராது. முதலில் 20ஆர், 1981 முதல் 2.4 லிட்டர் 22ஆர், இரண்டும் நான்கு சிலிண்டர், நூறு குதிரைத்திறனை ஒட்டிய ஆற்றல். வார்ப்பிரும்பு பிளாக், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். முன்னாலும் பின்னாலும் குழாய் போன்ற ஒரே உருப்படியான ஆக்சில், அதன்மேல் கமான்பட்டை. பண்ணை வேலைக்கும் மரம் ஏற்றவும் செய்த எளிய வண்டி. ஆனால் அதன் வயிற்றில், கியர்பாக்ஸுக்குப் பின்னால், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி இருக்கிறது. எஞ்சினின் சுழற்சியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. லீவரை லோ ரேஞ்சுக்குத் தள்ளினால் வேகத்தை 2.28-இல் ஒரு பங்காகக் குறைத்து, அதற்கேற்ப இழுவையைக் கூட்டும். பல வண்டிகளில் இந்தப் பெட்டிக்குள் சங்கிலி ஓடும். டொயோட்டா முழுக்கப் பல்சக்கரங்களால் செய்தது. அதோடு, வேகம் குறைக்கும் முன்பாதியும் இரு பக்கமும் பிரிக்கும் பின்பாதியும் போல்ட்டைக் கழற்றினால் தனித்தனியாக வந்துவிடும்படி அமைத்தது.

அப்படிக் கழன்று வருவதை 1990-களில் ஃப்ரெஸ்னோ பக்கத்து மார்லின் சாய்கோவ்ஸ்கி பயன்படுத்திக்கொண்டார். பழைய இரும்புக் கடையில் கிடக்கும் இன்னொரு டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்பாதியை மட்டும் எடுத்து, இடையே ஓர் இணைப்புத் தட்டை வைத்து, இருக்கிற பெட்டிக்கு முன்னால் பூட்டினார். குறைத்ததை மறுபடி குறைக்கிறது. ‘டூயல் கேஸ்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். புதிதாக ஒரு பல்சக்கரத்தைக்கூட வடிவமைக்காமல், அந்த வண்டியின் சொந்த உறுப்பை அதற்கே இரண்டாம் முறை கொடுத்ததில் இருக்கும் சிக்கனத்தை நான் எத்தனை முறை நினைத்தாலும் வியக்கிறேன். கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது முதல் கியர் 3.95, லோ ரேஞ்ச் 2.28, ஆக்சில் 4.10. மூன்றையும் பெருக்கினால் 37. அதாவது எஞ்சின் 37 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை. ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும்போது வண்டி மணிக்கு 3 கிலோமீட்டர் போகும். டூயல் கேஸ் போட்டு ஆக்சிலில் 5.29 கியர் மாற்றினால் விகிதம் 109 ஆகிறது. 35 அங்குல டயரோடு கூட வேகம் 1.2 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்கு 4.70 கியர் வைப்பவர்களும் உண்டு. அப்போது விகிதம் 224, நிமிடத்துக்குப் பத்தே மீட்டர். டயரின் ஒவ்வொரு கட்டையும் கல்லில் பதிந்து, பிடித்து, விடுவதைக் கண்ணால் எண்ணலாம்.

ஆக்சிலில் கியர் மாற்றும்போது, அதன் நடுவே இருந்து சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைச் சரிசெய்யும் வேலையை உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த டொயோட்டாவில் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் சேர்ந்த தொகுதி முழுவதையும் ஹவுசிங்கிலிருந்து வெளியே இழுத்து மேசைமேல் வைத்துவிடலாம். புதுக் கியரைப் பொருத்தியதும் பற்களில் மஞ்சள் பசையைத் தடவிச் சுழற்றுவார்கள். பல்லும் பல்லும் உரசிய இடத்தில் பசை விலகி ஒரு தடம் விழும். அது பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனிக்கோ அடிக்கோ ஒதுங்கினால் பினியனுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டை மாற்றி, மறுபடி பூட்டி, மறுபடி பசை பூச வேண்டும். இரண்டு பற்களுக்கும் இடையிலான ஆட்டம் 0.13-இலிருந்து 0.18 மில்லிமீட்டருக்குள். டயல் கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டே, பக்கத்து நட்டை ஒரு பல் திருப்பி, இன்னொரு பல் திருப்பி, ஒரு மாலைப் பொழுது அதிலேயே போய்விடும். பெரிய சுத்தியலும் வெல்டிங் பொறியும் ஆளும் பட்டறையில் இத்தனை நுணுக்கமான ஒரு வேலை இருப்பது, தெரியாதவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் சாதாரண டிஃபரன்ஷியல் அதையே வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும். தரையில் இருக்கும் சக்கரம் அசையாது. அதற்காக இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் வேண்டும். காற்றழுத்தத்தில் பூட்டித் திறக்கும் ஆஸ்திரேலிய ஏஆர்பி விலை கூடியது. கையில் பணமில்லாதவர்கள் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒன்றாக்கிவிடுவார்கள். சாலையில் திரும்பும்போது டயர் இழுபட்டுத் தேயும், பாறையில் குறை தெரியாது.

இப்படிக் கட்டும்போது ஒரு மாற்றம் அடுத்ததைக் கேட்டுக்கொண்டே வரும். பெரிய டயர் போட்டால் கியர் மாற்ற வேண்டும். கியர் இழுவையைக் கூட்டினால் ஆக்சில் தண்டு திணறும். தண்டைப் பலப்படுத்தினால் ஹவுசிங் வளையும். எல்லாவற்றையும் உச்சத்துக்குப் பலப்படுத்திக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அவர்கள் வண்டி கனத்து, கனத்தாலேயே உடைகிறது. தேர்ந்த கைகள் வேறு மாதிரி யோசிக்கின்றன. எப்படியும் ஏதோ ஒன்று உடையும் என்றால், எது உடைய வேண்டும்? முன் சக்கரத்தைத் திருப்பியபடியே சுழற்றவும் செய்யும் பிர்ஃபீல்ட் மூட்டுதான் இந்த வண்டியின் பழைய பலவீனம். முழுக்கத் திருப்பிய நிலையில் அழுத்தினால் வெடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்கும், அத்தோடு முடிந்தது. குரோமோலி எஃகில் செய்த உறுதியான மூட்டுகள் இப்போது கிடைக்கின்றன. ஆனாலும் பழைய மூட்டையே விட்டுவைத்து, இருக்கைக்குப் பின்னால் ஒரு மாற்று மூட்டை எடுத்துப்போகிறவர்களை நான் மதிக்கிறேன். பழகிய கை தடத்தில் வைத்தே அதை மாற்றிவிடும். அது தாங்கிக்கொண்டு கிரவுன் பல் போயிருந்தால் சங்கடம் பல மடங்கு.

அந்த மூட்டு இருக்கும் நக்கிளைத் திறந்து கட்டுவது அழுக்கு வேலை. கறுப்பு மாலிப்டினம் கிரீஸ் முழங்கை வரை ஏறும். ஆனால் முடிவில், பேரிங்கின் இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மீன் நிறுக்கும் சுருள்வில் தராசை ஸ்டியரிங் கையில் மாட்டி இழுப்பார்கள். எத்தனை எடையில் நகரத் தொடங்குகிறது என்பதே அளவு. ஹவுசிங்குக்கு மேல் வலுச்சட்டம் வெல்டிங் செய்யும்போதும் அதே பொறுமை. இங்கே இரண்டு அங்குலம், ஆறவிட்டு எதிர்ப்பக்கம் இரண்டு அங்குலம். ஒரே மூச்சில் இழுத்தால் ஹவுசிங் சூட்டில் வாழைப்பழமாக வளைந்துவிடும்.

ஸ்டியரிங்கையும் மாற்றியாக வேண்டும். பழைய அமைப்பில் இணைப்புக் கம்பி வண்டியின் நீளவாக்கில் ஓடுவதால், கமான்பட்டை வளையும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். 1986 மாடலில் டொயோட்டா முன்சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்டதை பாறையில் ஊர்கிறவர்கள் குறையாகவே பார்த்தார்கள். ஆனால் அந்த வண்டிகளின் ஸ்டியரிங் பெட்டிதான் பழையதற்கு மருந்து. அதன் கை பக்கவாட்டில் அசைவதால் கம்பியைக் குறுக்காகப் போட முடிகிறது.

உயரத்தைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. வண்டியை வானத்துக்குத் தூக்கிப் பெரிய டயர் மாட்டுவது எளிது, பார்வைக்கும் எடுப்பாக இருக்கும். பக்கவாட்டுச் சரிவில் அதுவே உருட்டிவிடும். மேலே தூக்காமல் ஃபெண்டரை வெட்டி டயருக்கு இடம் செய்பவரே தேர்ந்தவர். பின்பெட்டி நீண்டு கல்லில் இடிக்கிறதா, பெட்டியைக் குட்டையாக்கு. பின்பக்கத்துக்கு ஷெவர்லே பிக்கப்பின் 63 அங்குல நீளப் பட்டைகளை வாங்கிப் போடுவது பழைய உத்தி. நீளமான பட்டை மெத்தென்று வளைந்து, சக்கரத்தைப் பள்ளத்துக்குள் இறங்கவிடும். 20 டிகிரி சாய்தளத்தில் ஒரு சக்கரத்தை ஏற்றி, மற்ற மூன்றும் தரையில் இருக்க எத்தனை தூரம் ஏறுகிறது என்று அளந்து பெருமைப்படுவார்கள். அந்த எண்ணுக்கு நான் அதிக மதிப்புத் தருவதில்லை. சக்கரம் தொங்கினால் போதாது, தொங்குகிற இடத்தில் கல்லை அழுத்தவும் வேண்டும்.

இனி அதைப் பாறையில் பாருங்கள். டயரில் காற்றை 10 பிஎஸ்ஐக்கும் கீழே இறக்கியிருப்பார்கள். ரப்பர் கல்லின் விளிம்பைச் சுற்றிப் பரவிப் படியும், ரிம்மைவிட்டுக் கழன்றுவிடாமல் பீட்லாக் வளையம் பிடித்துக்கொள்ளும். முன்னால் ஒருவர் நின்று கையசைத்து வழி சொல்கிறார். ஓட்டுநருக்குத் தன் சக்கரம் தெரியாது, அவருடைய விரல்தான் தெரியும். எஞ்சின் நின்றுபோனால் கிளட்சை மிதிக்க வேண்டியதில்லை. கியரில் இருந்தபடியே சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியைக் கல்மேல் தள்ளி, எஞ்சினையும் எழுப்பிவிடும். அத்தனை இழுவை இருக்கிறது அந்தப் பல்சக்கரங்களில். செங்குத்தில் கார்புரேட்டர் பெட்ரோலில் மூழ்கித் தடுமாறும் என்பதால் இன்ஜெக்‌ஷன் உள்ள 22ஆர்ஈ எஞ்சினைத் தேடிப் போடுகிறார்கள். சக்கரம் வழுக்கிச் சுழன்றால் கல் பெயரும், தடத்தில் குழி விழும், பின்னால் வருபவருக்கு அந்த இடம் கெடும். சுழலாமல் ஏறிய வண்டி கல்லில் லேசான ரப்பர்க் கறையை மட்டும் விட்டுச் செல்கிறது.

இப்போது முழுக்கக் குழாய்களாலேயே கட்டிய பந்தய வண்டிகள் வந்துவிட்டன. 2007-இல் கலிபோர்னியப் பாலைவனத்தின் ஜான்சன் பள்ளத்தாக்கில் தொடங்கிய ‘கிங் ஆஃப் த ஹாமர்ஸ்’ போட்டியில் அவை பாறையிலும் பறக்கின்றன. அவற்றின் திறமை பெரிது. என் மனம் மட்டும் கதவும் கண்ணாடியும் நம்பர் பிளேட்டுமாக வீட்டிலிருந்து சாலையில் ஓடிவந்து, தடத்தைக் கடந்து, அதே சாலையில் திரும்பும் வண்டியிடமே போகிறது. 1979–85 டொயோட்டாக்கள் அருகிவிட்டன. பழமை குலையாமல் புதுப்பித்து வைத்துக்கொள்ளும் சேகரிப்பாளர்களும் அவற்றைத் தேடுகிறார்கள். பின்பெட்டி துருவில் உதிர்ந்து, சேஸ் மட்டும் உறுதியாக நிற்கும் வண்டிகள் இன்னும் கொட்டகைகளில் கிடக்கின்றன. வெட்டும் ரம்பம் அவற்றைத் தேடிப் போகட்டும். பெயின்ட் போகாத முதல் ஆண்டு வண்டியின் ஃபெண்டரில் அதை வைப்பவரை, எத்தனை நன்றாக வெல்டிங் செய்தாலும், என்னால் பாராட்ட முடியாது.