கடைகாவலன் தத்தன்

அரசர் வரலாறு கூறும் நூல்கள் பெரும்பாலும் அரசரையே பேசுவன. அவர்தம் வாயில் காத்தோரும், ஓலை எழுதினோரும், யானை நடாத்தினோரும் ஆகிய ஏவலாளரைப் பேசுதல் அருகியே காணப்படும். ஆயினும், ஆட்சியென்பது அவர் கைவழியே நடந்ததென்பது பழைய ஏடுகளாலும் சாசனங்களாலும் இனிது விளங்கும். எண்பேராயம் என்னும் தொகுதியுள், கரணத்தியலவரோடும் படைத்தலைவரோடும் ஒருங்குவைத்துக் கடைகாப்பாளரும் எண்ணப்பட்டனர். முதல் இராசராசன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை அளித்தபோது, அவன் திருவாயினின்று பிறந்த ஆணை, திருமந்திர ஓலை எழுதுவோர், ஓலைநாயகர், புரவுவரித் திணைக்களத்தார், வரிப்பொத்தகத்தார், முகவெட்டி எனப் பலர் கையைக் கடந்த பின்னரே கணக்கிலேறி நிலைபெற்றது. அரசன் சொல் ஒன்று. அதனைச் செயலாக்கும் கைகள் பல.

இவ்வுண்மையைத் தம் அநுபவத்தால் உணர்ந்தவர் சேக்கிழார் சுவாமிகள். அவர் தாமும் சோழ வேந்தனுக்கு அமைச்சராயிருந்தவரென்பது மரபு. ஆதலின், அவர் திருவாக்கில் வரும் ஏவலாளரைக் கதைக்கு வேண்டும் கருவிமாத்திரையாகக் கருதி வாளா கடந்துபோதல் தக்கதன்று. ஈண்டு மெய்ப்பொருள் நாயனார் புராணத்து வரும் தத்தன் என்னும் வாயிற்காவலனைக் குறித்துச் சில கூறப் புகுகின்றோம்.

இதற்கு ஒரு காரணமுமுண்டு. பல்லாண்டுகட்கு முன் ஓரூர்த் திருக்கோயிலில் இப்புராணத்தை விரித்துரைத்தோம். வேந்தர் பெருமையை விரித்த அளவிற்குத் தத்தனை விரித்தோமல்லேம். இரண்டொரு வாக்கியத்தில் அவனை முடித்துவிட்டோம். விரிவுரை முடிந்தபின், அக்கோயிலில் மெய்காவல் புரியும் முதியவரொருவர் அணுகி, “ஐயா, தத்தன் பின்பு என்ன ஆனான்?” என்று வினவினர். யாம் விடை கூறமாட்டாது நின்றோம். அவ்வினாவே பின்னர் இப்புராணத்தைப் பலகாலும் ஓதி ஓர்ந்து பார்க்கச் செய்தது.

வரலாறு அன்பர் அறிந்ததே. சேதி நாட்டுத் திருக்கோவலூரிலிருந்து அரசாண்ட மெய்ப்பொருளாரைப் பலகாலும் பொருது தோற்ற முத்தநாதன், திருநீறு பூசிச் சடைமுடி கட்டி, புத்தகக் கட்டினுள் கொலைக்கருவியை மறைத்துக்கொண்டு இரவில் அரண்மனை புகுந்தான். வாயில்தோறும் நின்ற காவலர் திருவேடத்தைக் கண்டு கைகூப்பி வழிவிட்டனர். இறுதி வாயிலில் நின்றவன் தத்தன். அவனொருவனே, அரசர் துயில்கின்றாராதலின் தருணம் அறிந்து புகுதல் வேண்டுமெனத் தடுத்துரைத்தவன். முத்தநாதன் அச்சொல்லைப் பொருட்படுத்தாது உட்புகுந்தான்.

ஈண்டு, “தத்தன் ஐயுற்றிருப்பின் கைப்பற்றித் தடுத்திருக்க வேண்டாவோ? தடுத்திலனாகலின் அவன் காவல் வழுவிற்று” என்பாருமுளர். அற்றன்று. சிவனடியார் வேடங்கொண்டு வருவார்க்கு எக்காலத்தும் வாயில் அடையாமை அவ்வரண்மனையின் நெறி. அந்நெறி வகுத்தவர் அரசர். அதனை மாற்றும் உரிமை காவலனுக்கில்லை. அவனுக்குரியது தருணம் இஃதன்றெனச் சொல்லுதல், அதனைச் சொன்னான். சொல் ஏறாதவழி, வந்தவனைத் தன் மனத்தால் தொடர்ந்தான். அவன் புகுந்த பொழுதே தத்தன் உள்ளம் அங்கு வைக்கப்பட்டிருந்ததெனச் சேக்கிழார் அருளுதல் காண்க. உடம்பு வாயிலில் நிற்க, உள்ளம் அகத்தே காவல் புரிந்தது. எல்லை கடவாமையும் கண்ணயராமையும் ஒருங்கே அமைந்த காவல் இஃது.

இனி, கொடியவன் தான் நினைந்ததை முடித்த கணத்தே தத்தன் உட்புகுந்து வாளை உருவினான். குருதி சோர வீழ்கின்ற வேந்தர் கையால் விலக்கி, வந்தவர் நம்மவரென அவனுக்கு உணர்த்தினார். இவ்விடத்தை ஓதுவார் பெரும்பாலும் வேந்தர் பொறையையே வியந்து நின்றுவிடுகின்றனர். வியத்தற்குரியதே, ஐயமில்லை. ஆயின், அக்கணத்தில் தத்தன் நிலை யாதென எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேந்தர்க்கு முத்தநாதன் திருவேடமாகத் தோன்றினான். திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என்னும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்திற்கு இலக்கியமாய் அவர் உயிர் விளங்கிற்று. தத்தனுக்கோ, முன் நின்றவன் தன் தலைவனைக் கொன்றவன்; கையிலிருந்ததோ உருவிய வாள். வேந்தர் கண்ட காட்சியைத் தத்தனும் கண்டானென்று புராணம் யாண்டும் கூறவில்லை. தான் காணாத ஒன்றிற்காக, தன் தலைவன் கண்டானென்னும் ஒன்றே பற்றி, வாளைத் தாழ்த்தினான். வீழ்ந்த வேந்தரைத் தாங்கி, யான் செய்யத்தக்கது யாதென வினவினான்.

வேந்தர் பணித்தது யாது? இவருக்கு இடையூறு நேராவண்ணம் கொண்டுபோய் விடுக என்பதே. இஃது எளிய பணியன்று. செய்தி கேட்ட நகரமாந்தர் கொதித்தெழுந்து சூழ்ந்தனர். அக்கூட்டத்தினூடே கொலைஞனைக் காத்துச் செல்பவனை அவர் என்னென்று எண்ணியிருப்பர்? அவனும் இதற்கு உடந்தையென ஐயுறவும் இடமுண்டு. அப்பழியையும் பொருட்படுத்தாது, இஃது அரசர் ஆணையெனக் கூறி அவரை விலக்கி, நகர்ப்புறங் கடந்து, இனி அவனுக்குத் தீங்கில்லையென்னும் இடத்தே விட்டு மீண்டான். சினந்து வாளோச்சுதல் வீரர் பலர்க்கும் கூடும். தன் சினத்தையும் ஊரார் சினத்தையும் ஒருங்கே அடக்கித் தன் பகைவனுக்கே மெய்காவலனாய் நடத்தல் எத்துணைப் பேர்க்குக் கூடும்?

“ஏவியது செய்தான், அவ்வளவே. ஏவல் செய்வதில் பெருமை யாது?” என வினவின், அதற்கு விடையைச் சேக்கிழார் நூலினின்றே காட்டுதும். திருநகரச் சிறப்பில், தன் மைந்தன்மேல் தேரூருமாறு மனுவேந்தன் அமைச்சன் ஒருவனை ஏவுகின்றான். அவ்வமைச்சன் ஆணையைச் செய்யவும் இசையான், மறுத்துரைக்கவும் ஆற்றான், தன் உயிரையே துறக்கின்றான். எறிபத்த நாயனார் புராணத்தில், கருவூரில் சிவகாமியாண்டார் பூக்கூடையைப் பறித்துச் சிதறிய பட்டத்து யானையோடு பாகரும் குத்துக்கோற்காரருமாக 5 பேர் மாய்கின்றனர்; யானையை அடக்காமையே அவர் மேல் நின்ற குற்றம். ஆகவே, ஏவலாளர் முன் நிற்கும் இன்னல்களைச் சேக்கிழார் நன்கு எடைபோட்டவர். காவாது வழுவினார் ஓரிடத்து. ஆணையைத் தாங்கமாட்டாது உயிர்நீத்தவன் ஓரிடத்து. தத்தனோ, வழுவாது காத்து, தாங்கற்கரிய ஆணையைத் தாங்கி, உயிரோடிருந்து முடித்தவன். அவ்விரு புராணங்களிலும் மாய்ந்தவர் இறையருளால் மீள எழுந்தனர். தத்தனுக்கு அத்தகைய மீட்சி இல்லை. அவன் தலைவனும் மீள எழுந்திலன். தன் நெஞ்சில் அப்புண்ணோடே அவன் வாழ்தல் வேண்டும்.

அன்றியும், கண்மூடிப் பணிதல் வேறு. தத்தன் பணிவு வேறு. முன்னர்த் தன் கருத்தைத் தடையின்றிச் சொன்னவன் பின்னர்ப் பணிந்தான். அவன் பணிந்த ஆணையும் ஓருயிரைக் கொல்லும் ஆணையன்று, காக்கும் ஆணை. தன் வாளுக்கு இரை தேடும் ஏவலைச் செய்வோர் எக்காலத்தும் பலர். தன் வாளை உறையிலிட ஏவியதைச் செய்வோரே அரியர். அரசவைப் பணியில் அமர்வோர்க்கு இஃதோர் உரைகல்லாகும்.

இனி, முடிந்த முடிபாவது வேந்தர் திருவாக்கே. உயிர் பிரியுந் தறுவாயிலும், தத்தன் வந்து சொல்லும் செய்தியொன்றையே எதிர்நோக்கி அவர் உயிர் தாங்கியிருந்தார். இடையூறின்றி விட்டு வந்தேனென அவன் கூறியபின்னரே, இன்று எனக்கு நீ செய்ததைச் செய்ய வல்லார் யாவர் என்னும் கருத்துப்படப் பாராட்டினார். அப்பாராட்டில் தத்தனை அவர் குறித்த சொல் ‘ஐயன்’ என்பது. வாயில் காப்பவனை வேந்தன் ஐயனென்று அழைத்தலினும் உயர்ந்த பட்டம் யாது? அதன்பின்னரே அரசுரிமையோர்க்குத் திருநீற்றன்பைக் காக்குமாறு அறிவுறுத்தி, அம்பலவர் திருவடி நினைந்தார்.

திருத்தொண்டத்தொகையில் நம்பியாரூரர் இவ்வேந்தரை வெற்றியில் வல்லவரென்று போற்றினார். வெட்டுண்டு வீழ்ந்தவர்க்கு வெற்றி யாதென்பது ஒரு வினா. திருவேடத்திற்கு ஊறு நேராது காத்தலே அவர் விரதம். அவ்விரதம் முற்றியதே அவர் வெற்றி. அது முற்றியதோ அவர் பள்ளியறையிலன்று. நகர்ப்புறத்தே, தத்தன் கையில். அவன் வாள் ஒருகணம் தாழாதிருப்பின் வேந்தரின் விரதம் பழுதாயிருக்கும். அவ்வெற்றியில் தத்தனுக்குப் பங்குண்டென்பது எம் துணிபு. சரியை நெறியைத் தாதமார்க்கம் என்பர் நம் ஆன்றோர். அடிமையின் தன்மை இன்னதெனக் காட்ட இவனினும் தெளிந்த உதாரணம் தேடவேண்டுவதில்லை.

முதியவர் வினாவிற்கு இனி விடை கூறலாம். தத்தன் பின்னர் யாதாயினானென்று புராணம் கூறவில்லை. அறுபத்துமூவருள் அவன் எண்ணப்பட்டவனுமல்லன். ஆயின், 1010-ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்ற தஞ்சைப் பெருங்கோயிலில், அதன் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான் என்னும் அதிகாரி அடியார் திருவுருவங்கள் பலவற்றைச் செம்பில் எழுந்தருளுவித்தான். அவற்றுள் மெய்ப்பொருளார் திருவுருவமும் ஒன்று. அதனைக் குறிக்கும் கல்வெட்டு, அவர் வென்ற போர்களைக் கூறவில்லை. தத்தனை விளித்து நம்மவரென உரைத்த மிலாடுடையார் என்றே அவரை அடையாளங் காட்டுகின்றது. சேக்கிழார் புராணம் எழுதற்கு நூறாண்டுகட்கு மேற்பட்ட காலத்தது இச்சாசனம். அரசன் பணியில் நின்ற ஓரதிகாரி, அரசர் ஒருவரை அவர் காவலன் பெயரால் அறிந்தான். கல்லிலும் அவ்வாறே வெட்டுவித்தான்.

ஆதலின், இப்புராணத்தை விரித்துரைக்கும் அன்பர்கள் வேந்தரோடு அவர் காவலனையும் நின்று போற்றுவாராக. யாம் முன்னர்ச் செய்த பிழையை இனிச் செய்யேம்.

திருச்சிற்றம்பலம்.