எபிரேயமும் சுவீடியமும்: ஓர் ஒப்பீட்டின் மதிப்பீடு

சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இளைய ஓலோவ் ருட்பெக் (1660–1740) 1717இல் இலத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். எபிரேய மறைநூலில் பொருள் விளங்கா இடங்களைக் கோதிய மொழியின் துணைகொண்டு விளக்குதலே அதன் நோக்கம். கோதியமே தம் மொழியின் தொன்மை வடிவம் என்பது அக்காலச் சுவீடியப் புலவர்தம் துணிபு. எனவே, கோதியத்தை எபிரேயத்தோடு ஒப்பிடுதல் அவர்க்குச் சுவீடியத்தை ஒப்பிடுதலேயாம்.

இம்முயற்சி தனியொருவர் விருப்பில் தோன்றியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் சுவீடன் வடபுலத்துப் பேரரசாக ஓங்கி நின்றது. நோவாவின் வழித்தோன்றலான மாகோகே சுவீடியரின் முதல்வன் என வரலாறு எழுதினர். இவருடைய தந்தையார் மூத்த ருட்பெக், பிளேட்டோ கூறிய அட்லாண்டிசு சுவீடனே என 1679 முதல் பல தொகுதிகளில் நிறுவ முயன்றார். எபிரேயம் ஆதிமொழி என்பது சமயத்தார் கொள்கை. தம் மொழிக்கு உயர்வு தேட விழைந்தோர் அதனை எபிரேயத்தோடு உறவுபடுத்த முனைந்ததில் வியப்பில்லை. இவ்வார்வத்தை எள்ளி நகையாடியோரும் அந்நாட்டாருள்ளேயே இருந்தனர். ஏதேன் தோட்டத்தில் இறைவன் சுவீடியத்திலும், ஆதாம் டேனியத்திலும், பாம்பு பிரெஞ்சிலும் பேசியதாக ஆந்திரேயாசு கெம்பே 1688இல் எழுதினார்.

ருட்பெக்கை நாம் எளிதில் ஒதுக்கிவிடுதல் முறையாகாது. அதே நூலில் அவர் கோதியத்தைச் சீனத்தோடும், பின்னிய மொழியை அங்கேரியத்தோடும் ஒப்பிட்டார். முன்னது வீழ்ந்தது. பின்னது, அவருக்குப் பின் வந்தோர் ஆய்வால் உறுதிப்பட்டு, இன்றும் நிலைபெற்றுள்ளது. ஒரே கண், ஒரே முறை, ஒரே நூல். ஓரிடத்து மெய்யும் ஓரிடத்துப் பொய்யும் விளைந்தன எனின், சொல்லொப்புமை மட்டும் நம்மை உண்மைக்கு இட்டுச்செல்லும் கருவி அன்று என்பது பெறப்படும்.

ஆறு என்னும் எண்ணுப்பெயரை நோக்குக. எபிரேயத்தில் அது ‘ஷேஷ்’, சுவீடியத்தில் ‘செக்ஸ்’. இரண்டனையும் அடுத்தடுத்து வைப்பார்க்கு உறவு உண்டென்றே தோன்றும். ஆயின், எபிரேயத்தின் உடன்பிறந்த மொழியாகிய அரபியில் ஆறாவது என்பது ‘சாதிஸ்’. எத்தியோப்பியாவின் பழமொழியாகிய கீஸ் மொழியிலும் ஆறு என்னும் பெயர் இடையே தகரம் பெற்றே வருகின்றது. எனவே, செமித்திய முன்வடிவில் இடைநின்ற தகரம் எபிரேயத்தில் மறைந்தது என்க. இனிச் சுவீடியச் சொல்லோ, இலத்தீன் ‘செக்ஸ்’, வடமொழி ‘ஷஷ்’ ஆகியவற்றோடு ஒரு வழிப்பட்டது. அவ்வழியில் அத்தகரத்திற்கு இடமில்லை. பின்னோக்கிச் செல்லச் செல்ல இரு சொற்களும் நெருங்கவேண்டும்; இங்கோ விலகுகின்றன. நாம் கண்ட ஒப்புமை, எபிரேயத்தில் பிற்காலத்து நேர்ந்த மாற்றத்தின் விளைவு.

கடன்கோடல் என்னும் மூன்றாம் வழியையும் மறத்தலாகாது. எபிரேய மறைநூலில் மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் ‘துக்கீம்’ என்னும் சொல்லைத் தமிழ்த் ‘தோகை’யோடு இணைப்பர் பலர், அது வணிகத்தின் சுவடேயன்றி உறவின் சான்றன்று. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) எபிரேயச் சொற்களையும் திராவிடச் சொற்களையும் இணைத்துக் காட்டிய இடங்களை ஆராய்வோர்க்கும் இவ்வேறுபாடு வேண்டப்படும்.

இனி, அமைப்பொப்புமை. இதுவே எமக்குச் சுவைமிக்க பகுதியாகத் தோன்றுகின்றது. எபிரேயத்தில் ‘கத்தவ்’ எழுதினான், ‘கொத்தேவ்’ எழுதுபவன், ‘மிக்தாவ்’ மடல் என மெய்கள் மூன்றும் வேராக நிற்க, இடையுயிர் மாறி இலக்கணப் பொருள் தரும். சுவீடியத்திலும் குடித்தற் பொருட்டாய வினை ‘ட்ரிக்கா’, ‘ட்ராக்’, ‘ட்ருக்கித்’ என உயிர்மாறி நிற்கும். ஆயினும் சுவீடியத்தில் இம்மாற்றம் பழைய வினைகளிற் சிலவற்றோடு அடங்கியது; தொலைபேசுதல் என்னும் புதுவினை அங்கு ஈறேற்று ‘டெலிபுனேராதெ’ என இறந்தகாலம் காட்டும். எபிரேயமோ அயற்சொல்லையும் தன் அச்சில் வார்த்து ‘தில்பேன்’ என வினையாக்கிக்கொண்டது. ஒன்றில் உயிர்மாற்றம் எச்சமாய் நிற்கின்றது. மற்றொன்றில் இன்றும் தொழிற்படுகின்றது.

‘அந்தப் பெரிய வீடு’ என்பதை எபிரேயர் ‘ஹா-பாயித் ஹா-காதோல்’ எனச் சுட்டினைப் பெயரிலும் அடையிலும் இருமுறை வைப்பர். சுவீடியரும் ‘டெ ஸ்டூரா ஹூசெத்’ என முன்னே ஒரு சுட்டும் பெயரீற்றில் ஒரு சுட்டும் வைப்பர். இவ்வொப்புமை ருட்பெக்கிற்கு மகிழ்வூட்டியிருக்கும். ஆயின் அதன் பயன் வேறு. எபிரேயத்தில் இரண்டாஞ் சுட்டை நீக்கிவிடின் ‘வீடு பெரிது’ என்னும் தொடர் பிறக்கும். அங்கு, பெரிய என்னும் அடைக்கும் பெரிது என்னும் பயனிலைக்கும் இடையே தமிழ் ஈற்றால் காட்டும் வேறுபாட்டை எபிரேயம் சுட்டின் வரவாலும் நீக்கத்தாலும் காட்டுகின்றது. சுவீடியத்திற்கோ வினையின்றிப் பயனிலை அமையாது. ஆகலின் இருசுட்டிற்கு அங்கு அத்தொழில் இல்லை. முன்னைக் காலத்தில் பெயரின் பின் தனித்து நின்ற சுட்டொன்று அதனோடு ஒட்டி ஈறாயிற்று, அடை வந்தவிடத்து மற்றொன்று முன்னே சேர்ந்தது, அவ்வளவே.

இவ்விரு மொழிகளையும் தனித்தனியே எதிர்நிறுத்தி உறவு நாடுதல் இயலாது. செமித்தியம் ஒருபுறமும் இந்தோ-ஐரோப்பியம் மறுபுறமும் நிற்கக் குடும்பத்தோடு குடும்பத்தையே ஒப்பிடல் வேண்டும். இதனை நெறிப்பட முயன்றவர் கோபன்கேகன் பேராசிரியர் எர்மன் மொல்லர். 1906இலும் 1911இலும் அவர் வெளியிட்ட நூல்களில் ஒலித்தொடர்புகளை வகுத்துக் காட்டினார். உறவு என்னும் முடிபை அறிஞருலகம் ஏற்கவில்லை. எனினும், சொசூர் 1879இல் கருத்தளவில் நிறுவிய மறைந்த ஒலிகளைச் செமித்தியத்தின் தொண்டையொலி போன்ற மெய்கள் என முதலிற் கொண்டவர் மொல்லரே. பின்னர் இத்தைத்து மொழி படிக்கப்பெற்றது. இலத்தீனில் முன் என்னும் பொருள்பட உயிர் முதலாக வரும் ‘அந்தெ’ என்பதற்கு இனமான சொல் அம்மொழியில் தொண்டையொலியை முதலாகக் கொண்டிருந்தது. சொசூர் கருதிய ஒலிகளுள் ஒன்று இங்ஙனம் எழுத்தில் எஞ்சியிருத்தலை 1927இல் போலந்து அறிஞர் குரிலோவிச்சு எடுத்துக்காட்டினார்.