இரண்டு அலைகள் சந்திக்கும் இடம்

எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தில் கல் எறியாமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. படியில் உட்கார்ந்து எறிவோம். விழுந்த இடத்திலிருந்து வட்டம் விரியும், கரையைத் தொடும், அடங்கும். உடனே அடுத்த கல். அப்படி எத்தனையோ கல் எறிந்தும் பார்க்க வேண்டியதை நான் பார்த்ததில்லை. அதைக் காட்டிக் கொடுத்தவள் என் அக்கா மகள். ஒரு மாலை அவள் ஒரு கல்லும் நான் ஒரு கல்லுமாக ஒரே நேரத்தில் போட்டோம். "மாமா, ரெண்டு வட்டமும் முட்டிக்கவே இல்ல, பாருங்க. உள்ள பூந்து போயிடுச்சு" என்றாள்.

உண்மைதான். இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று ஊடுருவி, எதுவும் நடக்காததுபோல் தத்தம் வழியில் போய்க்கொண்டிருந்தன.

அலைகளை ரசிக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அலை பிறக்கும் இடத்தையும் அது கரையில் உடையும் இடத்தையும் எல்லோரும் பார்க்கிறோம். இரண்டு அலைகள் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். நீர், ஒலி, ஒளி மூன்றுக்கும் அங்கே ஒரே விதிதான். நீரில் அதைப் பார்த்துப் பழகியவருக்கு ஒலியில் அது கேட்கும். ஒலியில் கேட்டவருக்கு ஒளியிலும் அது தெரியவரும். அந்த வரிசையிலேயே போவோம்.

முதலில் நீர்

குளமோ ஏரியோ, காற்று எழும்பாத காலை நேரத்தில் போங்கள். ஒரு காய்ந்த இலை மிதந்துகொண்டிருந்தால் நல்லது. அதிலிருந்து சற்றுத் தள்ளிக் கல்லைப் போட்டுவிட்டு இலையை மட்டும் கவனியுங்கள். அலை வரும்போது இலை மேலே ஏறும், லேசாக முன்னே போகும், கீழே இறங்கும், பின்னுக்கு வரும். அலை கடந்த பிறகு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே கிடக்கும். அலை கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது தண்ணீரை அல்ல, அசைவை. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், அலைகள் எப்படி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகின்றன என்ற புதிரும் பாதி அவிழ்ந்துவிடும். இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது. இரண்டு அசைவுகள் இருக்கலாம்.

இப்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே படியில் நான்கடி இடைவெளி விட்டு உட்கார்ந்து, இருவரும் ஒரே தாளத்தில், நொடிக்கு இரண்டு தட்டு என்ற கணக்கில், உள்ளங்கையால் நீரைத் தட்டுங்கள். சிறிது நேரத்தில் உங்கள் இருவருக்கும் முன்னால் நீர்ப்பரப்பு விசிறி மடிப்புபோலப் பிரியத் தொடங்கும். சில திசைகளில் அலை ஓங்கி ஓடும். அவற்றுக்கு நடுவே சில கோடுகளில் நீர் கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கும். ஓங்கிய இடத்தில் உங்கள் முகடும் அவருடைய முகடும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அடங்கிய இடத்தில் ஒருவருடைய முகடும் மற்றவருடைய அகடும் சேர்ந்து கணக்கைத் தீர்த்துக்கொள்கின்றன. பள்ளிப் புத்தகத்தில் மேற்பொருந்துதல் தத்துவம் என்று படித்தது இதுதான். சந்திக்கும் இடத்தில் இரண்டையும் கூட்டு, அவ்வளவுதான் விதி.

நீரில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆழமான நீரின் பரப்பில் ஓடும் அலைகளிலேயே மிக மெதுவானது நொடிக்குச் சுமார் 23 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. குளத்துச் சிற்றலைகள் பலவும் அதைவிட மிக வேகமானவை அல்ல. கண் அவற்றோடு கூடவே போகலாம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். ஒளி ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அவற்றைத் துரத்திப் பிடிக்க முடியாது. அவை சந்தித்த இடத்தில் விட்டுப்போகும் தடத்தைத்தான் தேட வேண்டும்.

அடுத்து ஒலி

கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரமும் தவிலும் முழங்கிக்கொண்டிருக்கும். பந்தியில் சாம்பாருக்குக் குரல் கொடுப்பார்கள். பக்கத்தில் இருக்கும் சித்தி உங்கள் காதில் ஏதோ சொல்வார். அத்தனை ஒலியும் ஒரே காற்றில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஆனாலும் சித்தி சொன்னது சித்தி சொன்னதாகவே வந்து சேர்கிறது. குளத்து வட்டங்கள் செய்ததையே இங்கே ஒலி செய்கிறது.

ஒலிகள் சந்திப்பதைக் காதால் பிடிக்கச் சிறந்த இடம் தம்புரா. அதன் 4 தந்திகளில் நடுவில் இருக்கும் சாரணியும் அனுசாரணியும் ஒரே ஸட்ஜத்தில் நிற்க வேண்டும். சிறுவயதில் எனக்குப் பாட்டுச் சொல்லித் தந்த வாத்தியார் வகுப்புக்கு முன் கால் மணி நேரம் சுருதி சேர்ப்பார். எனக்குப் பொறுமை இருக்காது. "அது இன்னும் ஆடறதுடா, கேளு" என்பார். இரண்டு தந்தியையும் அடுத்தடுத்து மீட்டினால் ஓசை நேராக வராது. ஓங்கி, அடங்கி, மறுபடி ஓங்கி அலைபாயும். அவர் பிருடையைத் திருப்பத் திருப்ப அந்த ஆட்டம் மெதுவாகும். பிறகு தந்தியில் கோத்த மணியைத் துளித்துளியாக நகர்த்துவார். நொடிக்கு நான்கு, இரண்டு, ஒன்று எனக் குறைந்துகொண்டே வந்து ஒரு கணத்தில் நின்றுவிடும். "சேர்ந்துடுத்து" என்று கண்ணை மூடுவார்.

ஒரு தந்தி நொடிக்கு 200 முறையும் மற்றது 202 முறையும் அதிர்ந்தால், அவற்றின் முகடுகள் நொடிக்கு இரண்டு தடவை ஒன்றுசேர்ந்து, இரண்டு தடவை எதிரெதிராக விலகும். அதனால் ஓசை நொடிக்கு இரண்டு தடவை ஓங்கி அடங்கும். தமிழ்ப் பாடநூல்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் விம்மல். அந்தப் பெயரை வைத்தவர் நிச்சயம் அதைக் காது கொடுத்துக் கேட்டவர். தம்புரா இல்லாதவர்கள் இரண்டு செல்போன்களில் ஒலி எழுப்பும் செயலியைப் போட்டு, ஒன்றில் 440, மற்றதில் 442 என்று அதிர்வெண் வைத்துக் கேளுங்கள். பிறகு 442ஐ 441 ஆக்குங்கள். விம்மல் பாதியாகக் குறைவது தெளிவாகக் கேட்கும்.

இன்னொன்றும் செய்யலாம். ஒரே போனில் 1000 அதிர்வெண்ணில் சீரான ஒலியை ஓடவிட்டு, வெறும் சுவர்கள் உள்ள அறையில் ஒரு காதை மூடிக்கொண்டு தலையை மெல்ல நகர்த்துங்கள். ஒரு சாண் நகர்வதற்குள் ஒலி ஏறி இறங்கும். போனிலிருந்து நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சந்தித்து, குளத்தில் பார்த்த அதே கோடுகளைக் காற்றில் வரைந்திருக்கின்றன. வெளியோசையை அடக்கும் ஹெட்ஃபோன் இதே கணக்கைத்தான் வேண்டுமென்றே போடுகிறது. வரும் ஒலிக்கு நேர் எதிரான ஒலியை அது காதுக்குள் அனுப்புகிறது. ஒலியோடு ஒலி சேர்ந்து அமைதி பிறக்கிறது.

தந்திக்கு உள்ளேயும் இதே சந்திப்புதான். மீட்டிய அசைவு இரு முனைகளுக்கும் ஓடித் திரும்பித் தன்னையே சந்திக்கிறது. சில புள்ளிகளில் தந்தி அசைவதே இல்லை. அவற்றுக்குக் கணு என்று பெயர். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் கணு கொண்ட மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த சுரங்கள்) எழக் கூடாது என்பது ஐரோப்பிய அறிஞர்கள் யங்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சொன்ன விதி. தம்புராவும் வீணையும் அதற்கு அடங்கவில்லை என்று 1921இல் எழுதிக் காட்டியவர் சர் சி. வி. ராமன். தம்புராவின் அகன்ற குதிரையும், தந்திக்கு அடியில் செருகும் சின்ன நூலும், தந்தி முனையில் திரும்பும் விதத்தையே மாற்றிவிடுகின்றன. அந்த ரீங்காரம் அங்கிருந்து வருகிறது. நோபல் பரிசுக்கு முன்பே நம் வாத்தியங்களை இவ்வளவு கூர்ந்து கேட்ட காது ராமனுடையது. அடுத்த கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் ஒலிக்கும் தம்புராவுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள்.

கடைசியில் ஒளி

நீரிலிருந்தும் ஒலியிலிருந்தும் ஒளிக்குப் போகும் இந்த வழி நான் கண்டுபிடித்ததல்ல. தந்தி விதியில் பார்த்த அதே யங், 1773இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் யங், நடந்த வழி. மனிதக் குரலை ஆராயத் தொடங்கியவர், ஒலிகள் சந்தித்தால் விம்மல் பிறக்கிறதே, ஒளியும் அலையானால் ஒளிகள் சந்திக்கும் இடத்தில் என்ன ஆகும் என்று கேட்டார். 1801இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தன் விடையை வாசித்தார். ஒளி துகள் என்ற நியூட்டனின் கருத்து கோலோச்சிய காலம் அது. ஒரு பத்திரிகை அவரைக் கடுமையாக ஏளனம் செய்தது. ஆனாலும் அவர் சொன்னதே நிலைத்தது.

அவர் சொன்னதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, ஒரு சிட்டிகை சர்க்கரை சேருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒரு வளையலை அதில் முக்கி எடுத்து, படலம் செங்குத்தாக நிற்கும்படி பிடியுங்கள். எதிரே ஒரு கறுப்புத் துணி, முதுகுப் பக்கம் ஜன்னல் வெளிச்சம். கை ஆடக் கூடாது.

முதலில் ஒன்றும் இராது. பிறகு மேலிருந்து வண்ணப் பட்டைகள் கிளம்பிக் கீழே இறங்கும். கீழ்ப் பகுதியில் வெளிர் ரோஜாவும் பச்சையும் நெருக்கமாக அடுக்கியிருக்கும். மேலே போகப் போகப் பட்டைகள் அகலும், நிறம் அழுத்தமாகும். உச்சிக்குக் கீழே பொன் மஞ்சள், அதற்கும் மேலே வெள்ளி. சோப்பு நீரில் இந்த நிறம் எதுவும் கிடையாது. படலத்தின் முன்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் உங்கள் கண்ணில் சந்திக்கின்றன. நீர் கீழே வடிவதால் படலம் மேலே மெல்லிசாகவும் கீழே தடிப்பாகவும் இருக்கிறது. ஒவ்வொரு தடிப்புக்கும் ஒவ்வொரு நிறம் அழிகிறது, மிஞ்சியது தெரிகிறது. சிவப்பின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 1,500 அலைகள் அடங்கும் அளவு. நீலத்துக்கு ஏறக்குறைய 2,200. அத்தனை நுண்ணிய அளவை ஒரு வளையலுக்குள் நிறமாக விரித்து வைத்திருக்கிறீர்கள்.

இனிமேல்தான் பார்க்க வேண்டியது. காத்திருந்தால் படலத்தின் உச்சியில், வெள்ளிக்கு மேலே, ஒரு கறுப்பு வரும். படலம் உடைந்துவிட்டதாகத் தோன்றும். உடையவில்லை. அங்கே அது தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மெலிந்திருக்கிறது. அவ்வளவு மெல்லிய இடத்தில் முன்னும் பின்னும் திரும்பும் ஒளிகள் ஒன்றுசேர்ந்து பளிச்சிட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் துணிக்கொடிக் கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி உதறிப் பாருங்கள். மேடாகப் போன அசைவு பள்ளமாகத் திரும்பும். காற்றிலிருந்து வந்து அடர்த்தியான சோப்பு நீரில் பட்டுத் திரும்பும் ஒளியும் அப்படியே கவிழ்ந்து திரும்புகிறது. பின்பக்கத்தில் காற்றில் பட்டுத் திரும்புவது கவிழ்வதில்லை. ஒன்று முகடு, மற்றது அகடு. எல்லா நிறமும் ஒரேயடியாக அழிகின்றன. ஒளியோடு ஒளி சேர்ந்து இருட்டாகிறது.

இதன்பின் எங்கே போனாலும் இதன் உறவுக்காரர்கள் கண்ணில் படுவார்கள். மழை ஈரச் சாலையில் சிந்திய டீசலின் வர்ணம், மயில் தோகையின் நீலம், பழைய சிடியில் ஓடும் வானவில் எல்லாமே ஒளிகள் சந்தித்த தடங்கள். மூக்குக் கண்ணாடியில் பூசும் ஆன்டி-கிளேர் படலமும் இந்தக் கணக்குப்படியே பிரதிபலிப்பை அழிக்கிறது. முழுதாக அழிக்க முடியாமல் மிஞ்சியதுதான் அதில் தெரியும் லேசான பச்சையும் ஊதாவும்.

ரசிப்பதற்குச் சூத்திரங்கள் மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. வட்டங்கள் சந்திப்பதைப் பார்த்த கண்ணும், விம்மல் நிற்பதைக் கேட்ட காதும் இருந்தால் போதும். இன்றைக்கே வீட்டில் ஒரு குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த வளையலை முக்கி எடுங்கள். வண்ணம் வந்ததும் எழுந்துவிடாதீர்கள். உச்சி கறுக்கும் வரை காத்திருங்கள்.