கறுப்பு மை, சிவப்பு மை

ஒரு சாண் உயரக் குவளை. அதில் ஒரு முயல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது. கையில் தூரிகை, முன்னால் ஜாகுவார் தோல் உறை போட்ட மடிப்புப் புத்தகம். முயலுக்கு மேலே, மேடையில், கிழட்டுத் தெய்வம் ஒன்று ஒருத்தியின் கையில் காப்புக் கட்டுகிறது. இன்னொருத்தி கொக்கோ பானத்தை நுரை வர உயரத்திலிருந்து ஆற்றுகிறாள், நாம் காப்பி ஆற்றுவது போல. வேறொருத்தி தோழியின் பாதத்தைத் தட்டி, 'அங்கே பார்' என்கிறாள். எங்கே? குவளையைச் சுற்றினால்தான் தெரியும். மறுபக்கத்தில் ஒருவன் தலை போய்க்கொண்டிருக்கிறது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்த மாயா குவளை கி.பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டினது. மெசோஅமெரிக்கா என்றதும் எல்லோரும் பிரமிடுகளைத்தான் பேசுகிறார்கள். இந்த மலரில் எனக்குக் கிடைத்த சில பக்கங்களை அங்கே தூரிகை பிடித்தவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

மாயா மொழியில் 'த்ஸிப்' என்றால் எழுத்தும்தான், ஓவியமும்தான். மத்திய மெக்சிகோவின் நாவா மொழியிலும் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். அதைச் செய்பவர் 'த்லாகுயிலோ'. சித்திரத்தை 'எழுதும்' நமக்கு இது விளங்காத விஷயமில்லை. சொல் ஒன்றாக இருந்தாலும் கோடு எதற்கு என்ற கேள்விக்கு ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு பதில் வைத்திருந்தது.

மாயா எழுத்தர் அத்திமர இனத்தின் உட்பட்டையைத் தட்டித் தாளாக்கி, விசிறி போல மடித்து, மேலே சுண்ணம் பூசினார். அறுத்த சங்குதான் மைக்கூடு. குவாதமாலாவின் அகுவாத்தேக்கா நகரம் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாக்கப்பட்டபோது, குடிகள் போட்டது போட்டபடி ஓடினார்கள். எரிந்த வீடுகளை அகழ்ந்த தக்கேஷி இனோமாட்டா குழுவுக்கு அந்த மைக்கூடுகளும் வண்ணம் அரைக்கும் கற்களும் கிடைத்தன. அவை அரண்மனையை ஒட்டிய பெரிய மனிதர்களின் வீடுகள். எழுத்தர் கூலிக்காரர் அல்ல, சபை ஆள்.

அந்தக் காலத்துப் புத்தகங்கள் ஈரத்தில் மக்கிவிட்டன. கல்லறைகளில் சுண்ணப் பூச்சு மட்டும் கட்டியாகக் கிடைக்கிறது. ஆகவே பள்ளிகளைக் குவளைகளில்தான் தேட வேண்டும். பாலாடை நிறத்தில் கருங்கோடும் விளிம்பில் சிவப்புப் பட்டையுமாக வருவது 'புத்தகப் பாணி'. மண்ணைச் சோதித்ததில் அது நக்பே வட்டாரத்துக் கைவேலை என்று தெரிந்தது. முயல் இந்தப் பள்ளியைச் சேர்ந்ததுதான். மோத்துல் தே சான் ஹோசே பக்கத்துக் குவளைகளில் எழுத்து இளஞ்சிவப்பு. மன்னரின் தொந்தியைக்கூட மறைக்காமல் ஆளை ஆளாகவே வரைந்தார்கள். ஹோல்முல் பாணியில் சோளத் தெய்வம் ஆடுகிறது. சாமா பாணியை விளிம்பின் கறுப்பு வெள்ளைப் பட்டையே காட்டிக்கொடுத்துவிடும். என் ஓட்டு புத்தகப் பாணிக்கு. தூரிகையை அழுத்தி, இழுத்து, நுனியில் தூக்கிவிடும் அந்தக் கோட்டில் திருத்தலுக்கு இடமே இல்லை. துயரம் என்னவென்றால், இவற்றில் பெரும்பாலானவை திருட்டுத் தோண்டலில் வெளிவந்து சந்தைக்குப் போனவை. கை யாருடையது என்று ஓரளவு சொல்ல முடிகிறது. எந்தக் கல்லறை என்று சொல்ல வழியில்லை.

குவளை விளிம்பில் ஓடும் எழுத்து வெறும் அலங்காரம், எழுத்தறியாதவர்கள் பார்த்து எழுதியது என்று எரிக் தாம்ப்சன் போன்ற பெரிய அறிஞரே சொல்லிவந்தார். அங்கே திரும்பத் திரும்ப வருவது ஒரே வாய்பாடு என்று 1973இல் மைக்கேல் கோ காட்டினார். பிறகு அதைப் படிக்கவும் முடிந்தது: இது இன்னாருடைய குடிகலம், கொக்கோவுக்கானது. சிலவற்றில் எழுதியவர் பெயரும் உண்டு. நாரன்ஹோ நகரின் ஆஹ் மாஷாம் கையெழுத்தோடு நிற்கவில்லை. தான் மன்னரின் மகன் என்பதையும் சேர்த்து எழுதிவைத்தார்.

மாயா எழுத்தில் ஒரே சொல்லை ஒரே மாதிரி இரண்டு முறை எழுதுவது கை சோர்ந்ததற்கு அடையாளம். 'பாலம்' என்றால் ஜாகுவார். தலையை மட்டும் வரையலாம். தலைக்கு முன்னால் 'ப' அசையையோ பின்னால் 'ம' அசையையோ ஒட்டலாம். தலையே இல்லாமல் ப-ல-ம என்று அசைகளாலும் எழுதலாம். யூரி கினோரோசவ் 1952இல் இந்த அசை முறையைக் கண்டுசொன்ன பிறகுதான் இந்த விளையாட்டு நமக்குப் புரியத் தொடங்கியது. இன்று எஞ்சியுள்ள மாயா புத்தகங்கள் நான்கே. அவற்றில் டிரெஸ்டன் சுவடியில் கோட்டழகோடு கணக்கும் சேர்கிறது. வெள்ளியின் சுற்று 584 நாள். ஐந்து சுற்று 2,920 நாள், அதாவது சரியாக 365 நாள் கொண்ட எட்டு ஆண்டு. புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி பூஜ்யம் என்ற மூன்றே குறிகளில் இது ஐந்து பக்கங்களில் ஓடுகிறது.

மேற்கே வஹாக்கா மலைகளின் மிஷ்டெக் பள்ளி இதற்கு நேர் எதிர். மான் தோலில் சுண்ணப் பூச்சு. எங்கும் ஒரே தடிமனில் கருங்கோடு. உள்ளே நிழலில்லாத தட்டை வண்ணம். எழுதியவர் பெயர் கிடையாது. நானும் ஆரம்பத்தில் இதைப் படக்கதை என்று ஒதுக்கியவன்தான். பிறகுதான் அந்த ஒழுங்கின் காரணம் பிடிபட்டது. கோடு எழுத்தரின் கையைக் காட்டுவதற்கல்ல, வம்சத்தைப் பிழையின்றிச் சொல்வதற்கு. பாதச்சுவடு வந்தால் பயணம். மலைக் குறியில் அம்பு பாய்ந்திருந்தால் வெற்றி. பிறந்த நாளே பெயர்: எட்டு வட்டமும் மான் தலையும் இருந்தால் அவர் 'எட்டு மான்', 1063இல் பிறந்து 1115இல் மாண்ட தீலாந்தோங்கோ மன்னர். சிவப்புக் கோடுகளுக்கு நடுவே, மாடு உழுவது போல இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாகக் கண் போக வேண்டும்.

இந்தப் பள்ளியின் செல்டன் சுவடியில் 'ஆறு குரங்கு' என்ற அரசி திருமணத்துக்குப் போகும் வழியில் இருவர் அவளிடம் பேசுகிறார்கள். வாயிலிருந்து சுருளாகப் புறப்படுவது பேச்சு. அதன் நுனியில் கல் கத்தி. வசை என்று எழுத இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது. அவள் படை திரட்டி வந்து இருவரையும் பிடிக்கிறாள், பலி கொடுக்கப்படுகிறார்கள். அடுத்து, திருமணம்.

நாவா மொழி பேசிய அஸ்டெக்குகளைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்ல முடியும். ஸ்பானியருக்கு முந்தையது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அஸ்டெக் புத்தகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிந்தைய பிரதிகளில் கப்பக் கணக்கு தெரிகிறது: கொடி 20, இறகு போன்ற குறி 400, பை 8,000. ஆனால் தரம் பற்றி வாய்விட்டுச் சொன்னவர்கள் இவர்களே. 'கறுப்பு மை, சிவப்பு மை' என்று சேர்த்துச் சொன்னால் அறிவு என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் பாதிரியார் சஹகூனிடம் நாவா முதியவர்கள் நல்ல த்லாகுயிலோவையும் கெட்டவனையும் பிரித்துச் சொன்னார்கள். கெட்டவன் அவசரக்காரன், வண்ணத்தை மங்கடிப்பவன், கோணலாக எழுதுபவன், ஏமாற்றுக்காரன்.

புத்தகம் எரிப்பதும் ஸ்பானியர் கொண்டுவந்த புதுப் பழக்கமல்ல. 1427இல் பட்டத்துக்கு வந்த அஸ்டெக் மன்னர் இட்ஸ்கோவாத்ல் பழைய வரலாறு ஆட்சிக்கு ஒத்துவராது என்று சுவடிகளை எரிக்கச் சொன்னார். 1562இல் மானி ஊரில் பாதிரியார் தியேகோ தே லாந்தா மூட்டிய தீ மாயா புத்தகங்களுக்கு. அவரே எழுதிவைத்த அரைகுறை அரிச்சுவடிதான் பிறகு கினோரோசவுக்குத் திறவுகோலானது.

செல்டன் சுவடியை ஸ்பானியர் வந்த பிறகு 1560ஐ ஒட்டி முடித்திருக்கிறார்கள். கை மட்டும் முழுக்கப் பழைய கை. ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கும் அதன் சுண்ணப் பூச்சுக்குக் கீழே, பழைய புத்தகம் ஒன்று இருப்பதை 2016இல் நிறமாலைப் படக்கருவி காட்டியது. யாரோ அதை மூடி மேலே புதிய வம்சத்தை எழுதியிருக்கிறார். கீழே ஆணும் பெண்ணுமாகக் கோலும் ஈட்டியும் பிடித்து ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது.