மார்பில் தாங்கிய சுருள்: 'மோட்சப் பிரயாண'த்தில் உறுதியும் நம்பிக்கையும்

கிறித்தவ நம்பிக்கையாவது ஐயம் சிறிதுமற்ற மனவுறுதியே எனக் கொள்வார் பலர். ஜான் பன்யன் இயற்றிய 'மோட்சப் பிரயாணம்' இக்கருத்திற்கு இடந்தருகின்றதா என்பதை ஈண்டு ஆராய்வாம். 1678இல் வெளிவந்த இவ்வாங்கில உருவக நூல், எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்திற்கு மூலமாதலின், தமிழ் மாணாக்கரும் நுணுகி நோக்கற்குரியது.

கதைத்தலைவனாகிய கிறிஸ்தியான் சிலுவையடியில் சுமை நீங்கப்பெற்றபோது, ஒளிமிக்க மூவருள் ஒருவர் அவனுக்கு முத்திரையிட்ட சுருளொன்றை அளிக்கின்றார். அதனை அவன் மார்பில் வைத்துக் காக்கின்றான். எனினும் மலைச்சாரலில் துயின்று இழக்கின்றான். அழுது திரும்பிச் சென்று மீட்கின்றான். பின்னர் ஐயக்கோட்டையில் அரக்கன் கையில் அகப்பட்டுப் புதன் முதல் சனி வரை வாடுகின்றான். கோட்டையைத் திறக்கும் 'வாக்குறுதி' என்னும் திறவுகோல் அந்நாளெல்லாம் அவன் மார்பிலேயே இருந்தது; அவனோ மறந்திருந்தான். இறுதியில் பாலமில்லாத ஆற்றில் இறங்குங்காலும் அவன் அமிழ்ந்து அஞ்சுகின்றான். துணைவனே அவன் தலையை நீர்மேல் தாங்குகின்றான். இந்நிகழ்ச்சிகளில் அவன் உள்ளம் தளர்கின்றது. அவனுக்கு அளிக்கப்பெற்றதோ தளர்வதில்லை. நம்பிக்கை என்பது மன வலிமையன்று, பிறரிடமிருந்து பெற்ற ஒன்றைச் சார்ந்து நிற்றலே என்பது இதனாற் பெறப்படும்.

இவனுக்கு மறுதலையாகப் படைக்கப்பட்டவன் அறிவீனன். பெயர் நோக்கி அவனைக் கல்லாதவன் எனக் கருதற்க. அவன் வழியில் உரையாடுங்கால் தடுமாறாது விடை தருபவன்; தன் நெஞ்சு நல்லது என்பதற்குத் தன் நெஞ்சையே சான்று காட்டுபவன். இடுக்கமான வாயில் வழியே வாராது, கோணற் சந்து வழியே பாதையிற் புகுந்தவன். வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் உதவ, அவன் ஆற்றை எளிதிற் கடக்கின்றான். நகர வாயிலில் சான்று கேட்கப்பட்டபோது மார்பைத் தடவிப் பார்க்கின்றான், ஆங்கு ஒன்றுமில்லை. அமிழ்ந்தவன் உட்புகுகின்றான், நனையாதவன் புறத்தே தள்ளப்படுகின்றான்.

இம்முடிவு மிகக் கொடிதன்றோ எனின், கொடிதே. தலைவனின் மகிழ்ச்சியை முழுதும் துய்க்குமுன்னரே நரகவாயிலைக் காட்டி நூல் முடிவது கற்பார் உள்ளத்தை வருத்துகின்றது. ஆயினும் அதனைக் குறையெனத் தள்ளுதல் பொருந்தாது. தலைவனோடு தாமும் வழிநடந்த கற்பார், அவன் பெற்ற வரவேற்பைத் தமதாகவே எண்ணத் தொடங்குவர். அவ்வெண்ணமும் அறிவீனனின் உறுதி போன்றதே. இந்நூலைக் கற்றமையே தமக்குரிய சான்று என மயங்காவண்ணம் ஆசிரியர் அவர்களைத் தடுக்கின்றார். தாம் பல்லாண்டு ஐயத்துள் உழன்றதை 1666இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் மறையாது கூறிய பன்யன், பிறர்க்கு எளிய உறுதி வழங்க இசையாமை இயல்பே.

ஆகவே, இந்நூல் கைவிடச் சொல்வது ஆராயும் அறிவை அன்று. தனக்குத் தானே சான்றாக நிற்கும் மனத்தையே ஆம். அதனை விட்டபின் ஐயம் ஒழியும் என்றும் பன்யன் கூறவில்லை. ஐயத்தோடும் ஆற்றில் இறங்கலாம் என்பதே அவர் காட்டும் நெறி.