சலுகை என்னும் பெயரில் ஒரு சில்லறை

சென்னையை அடுத்த மறைமலை நகரிலோ ஒரகடத்திலோ உதிரிபாகத் தொழிற்கூடம் நடத்தும் ஒருவர், பிரேசில் சரக்குக்குச் சுங்கவரியில் 20 சதவீதச் சலுகை உண்டென்று கேட்டு, வரியே ஏழரை சதவீதமாயிருக்க இருபது எங்ஙனம் கழியுமென மயங்குவாராயின், அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஏனெனில் 2004 ஜனவரியில் கையெழுத்தாகி 2009 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த இந்தியாவுக்கும், பிரேசில், அர்ஜென்டினா முதலிய தென்னமெரிக்க நாடுகளின் வணிகக் கூட்டமைப்பான மெர்கோசூருக்கும் இடையிலான ஒப்பந்தம், மிகச் சில பொருள்கள் நீங்கலாக, வரியை நீக்குவதன்று. வரியில் ஒரு பங்கை மட்டும் தள்ளிக் கொடுப்பது.

ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு அடிப்படை வரி 7,500 ரூபாய் என்றால், அதில் ஐந்திலொரு பங்கான 1,500 ரூபாயும், அதன்மேல் விழும் சமூகநல உபரி வரியில் 150 ரூபாயும் மிச்சமாகும். இந்த 1,650 ரூபாய்க்காக அவர் ஆரிஜின் சர்டிபிகேட் தருவிக்க வேண்டும். அது மட்டுமன்றி, 2020 செப்டம்பரில் வந்த விதிகளின்படி, சரக்கு அத்தேசத்தில்தான் உற்பத்தியானது என்பதற்குரிய விவரங்களையும் தாமே திரட்டி வைத்திருக்க வேண்டும். கன்டெய்னர் துறைமுகத்தில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினால் அந்த லாபம் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணத்துக்கே சரியாய்ப் போகும். சிறு சரக்குக்காரர் முழு வரியையும் கட்டிவிட்டு நிம்மதியாயிருப்பதே விவேகம்.

ஆயினும் இம்முறைக்கு நியாயம் இல்லாமலில்லை. கச்சா சமையல் எண்ணெயின் அடிப்படை வரியை 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக உயர்த்தவும், 2025 மே இறுதியில் 10 ஆகக் குறைக்கவும் நம் சர்க்காருக்குச் சுதந்திரம் இருந்ததற்குக் காரணம், அர்ஜென்டினா, பிரேசில் சோயா எண்ணெய்க்கு நிரந்தர வரிவிலக்கு வாக்களிக்காமையே. எண்ணெய்வித்து விவசாயியையும் கடைக்குப் போகும் குடும்பத்தையும் மாறிமாறிக் கவனிக்க வேண்டிய தேசத்துக்கு அந்தச் சுதந்திரம் அற்பமானதன்று.

அதற்குக் கொடுத்த விலைதான் அதிகம். மெர்கோசூர் நமக்கு அளித்த 452 பொருள் வரிசைகளில் 393-க்கு வெறும் பத்து சதவீதச் சலுகையே கிட்டியது. அவர்கள் கார்களுக்கு விதிக்கும் 35 சதவீதப் பொது வரியில் அந்த விகிதம் கழிவதாகவே வைத்துக்கொண்டாலும், ஒரகடம் வட்டாரத்துக் கார் முப்பத்தொன்றரை சதவீதம் சுமந்தே கரையேற வேண்டும். நாமும் தாராளமாக நடந்துகொள்ளவில்லை: 450 வரிசைகளில் 21-க்குத்தான் முழு விலக்கு. போதாக்குறைக்கு, 2024 ஜூலை பட்ஜெட்டில் லித்தியம், தாமிரம் முதலிய 25 கனிமங்களுக்குச் சுங்கவரியே நீங்கிவிட்டது. எல்லாருக்கும் நீங்கிய வரியில் கூட்டாளிக்கென்று தனிச் சலுகை ஏது?

2025 அக்டோபரில் இந்தியாவும் பிரேசிலும் இவ்வொப்பந்தத்தை விஸ்தரிக்க இசைந்திருக்கின்றன. பட்டியலை நீட்டுமுன் சலுகை விகிதத்தை வரியில் பாதியளவுக்கேனும் உயர்த்தட்டும். பத்து சதவீத வரிசைகள் இன்னும் ஆயிரம் சேர்ந்தாலும் ஒரகடத்துக்கு அதனால் பிரயோஜனமில்லை.